பாட்டரி ரம்பம்: தோப்புக்காரர் தெரிந்து வாங்கவேண்டிய முறை

மரம் வைத்தவருக்கு மரம் கழிக்கும் ஆயுதமும் வேண்டும். மாங்கிளைகள் ஒன்றின்மேலொன்று கவிந்து வெளிச்சத்தை மறைக்காமல் இருக்கவும், வரப்போரத்து வேம்பின் நிழல் பயிரைக் கெடுக்காமல் இருக்கவும், காற்றில் முறிந்த கொம்பு வண்டிப்பாதையை அடைக்காமல் இருக்கவும் ஆண்டுதோறும் ஏதேனுமொரு வெட்டுவேலை குடியானவருக்கு இருந்தே தீரும். நெடுங்காலமாக இவ்வேலை அரிவாள், கோடாலி, இருவர் இழுக்கும் ரம்பம் ஆகிய மூன்றினாலும் நடந்து வந்தது. மரம் ஏறிக் கழிக்கும் ஆட்கள் குறைந்து கூலியும் உயர்ந்துவிட்டமையால் சங்கிலி ரம்பம் கிராமங்களுக்கு வந்துவிட்டது. முதலில் வந்தது பெட்ரோலினால் ஓடுவது. சில வருஷங்களாகப் பாட்டரியினால் ஓடுவதும் கடைகளில் பலவகையாகக் காணப்படுகின்றது.

திருத்தணி தாலூகாவில், சென்னையிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் ராஜபாட்டையின்மேல் அமைந்துள்ள கனகம்மாசத்திரத்தையும் அதைச் சூழ்ந்த கிராமங்களையும் எடுத்துக்கொண்டால், மாந்தோப்புகளும், வரப்பிலும் வீட்டுக் கொல்லையிலும் நிற்கும் வேம்பு, புளி, தென்னை முதலிய மரங்களும், தரிசுகளில் மண்டிய சீமைக்கருவேலமும் பாட்டரி ரம்பத்துக்கு வேலை தரக்கூடியவை. ஆனால் இவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு தன்மையுடையது. ஒன்றுக்குப் பொருந்தும் யந்திரம் மற்றொன்றுக்குப் பொருந்தாது. பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் பெரிய எண்ணையும், குறைந்த விலையையும் கண்டு வாங்குகிறவர் பணத்தையும் இழப்பர். சில சமயம் விரலையும் இழக்க நேரும். முதலில் தம் நிலத்து வேலையை அளந்து, பிறகு அதற்கேற்ற யந்திரத்தைத் தேடுவதே முறை. அம்முறை இங்கு விவரிக்கப்படுகின்றது.

யந்திரத்தின் அமைப்பு

சங்கிலி ரம்பம் மின்சாரத்துக்குப் புதியதன்று. ஜெர்மனி தேசத்து அந்திரேயாஸ் ஸ்டீல் என்பவர் 1926ஆம் ஆண்டில் செய்த முதல் ரம்பமே மின்சாரத்தினால் ஓடியது. அதை இருவர் பிடிக்க வேண்டியிருந்தது. பெட்ரோல் ரம்பத்தை அவர் 1929இல் வெளியிட்டார். எனினும் அக்காலத்துச் சங்கிலிப் பற்கள் கைரம்பத்தின் பற்களைப் போலவே இருந்தமையால் விரைவில் மழுங்கின. அமெரிக்காவில் ஜோசப் காக்ஸ் என்னும் மரம்வெட்டி, 1946இல் விறகு பிளக்கும்போது, மரத்தைக் குடைந்துகொண்டிருந்த வண்டுப்புழு ஒன்றைக் கண்டார். அது தன் வளைந்த தாடைகளால் இடமும் வலமுமாக மரத்தைச் சீவிச் செல்வதைக் கவனித்து, அவ்வடிவில் பற்களமைத்து 1947இல் புதிய சங்கிலியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். இன்றைய ரம்பங்களின் பற்கள் அவ்வழியில் வந்தவையே. மாமரத்தைத் துளைக்கும் புழுவின் வேலையைக் கண்ட தோப்புக்காரருக்கு இவ்வமைப்பு எளிதில் விளங்கும்.

மூன்றாவது உறுப்பாகிய பாட்டரி பிற்காலத்தது. லித்தியம் என்னும் இலேசான உலோகத்தைக் கொண்டமைந்த பாட்டரி 1991இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அதற்கு வழிகாட்டிய விஞ்ஞானிகள் மூவருக்கு 2019இல் நோபல் பரிசு கிடைத்தது. எடை குறைந்த இப்பாட்டரி வந்தபிறகே கையில் தூக்கி அறுக்கும் மின்சார ரம்பம் கம்பியின் கட்டிலிருந்து விடுபட்டது.

ஆகவே யந்திரத்தில் பார்க்கவேண்டியவை நான்கு: கடைக்காரர் ‘பார்’ என்று சொல்லும் நீண்ட தகடு, அதன்மேல் சுற்றும் சங்கிலி, சங்கிலியை ஓட்டும் மோட்டார், மோட்டாருக்கு வலிமை தரும் பாட்டரி. இந்நான்கும் ஒன்றுக்கொன்று இசைந்திருக்க வேண்டும். சிறு மோட்டாருக்கு நீண்ட தகடு பூட்டுவது கன்றுக்குட்டியின் கழுத்தில் பெரிய நுகத்தடி பூட்டுவது போன்றது.

வேலையை அளத்தல்

கடைக்குப் போகுமுன் ஒரு நூலையும் ஒரு காகிதத்தையும் எடுத்துக்கொண்டு தோப்பைச் சுற்றிவர வேண்டும். வழக்கமாக வெட்டவேண்டிய கிளைகளைச் சுற்றி நூலைச் சுற்றி, அச்சுற்றளவில் மூன்றிலொரு பங்கை எடுத்தால் அதுவே ஏறத்தாழக் கிளையின் கனம். 30 அங்குலச் சுற்றளவுள்ள மரம் 10 அங்குலக் கனமுடையது. எத்தனை கிளைகள், எந்தக் கனம், ஆண்டில் எத்தனை நாள் வேலை என்று மூன்று விஷயங்களையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

இவ்வாறு குறித்துப் பார்ப்பவருக்கு ஓர் உண்மை தோன்றும். ஆண்டு முழுவதிலும் வெட்டுபவற்றில் பெரும்பான்மை 6 அங்குலத்துக்கு உட்பட்ட கிளைகளே. இரண்டடிக் கனமுள்ள பட்டுப்போன மாமரமோ, புயலில் சாய்ந்த புளியோ பல வருஷங்களுக்கு ஒருமுறை வருவது. அந்த ஒருநாள் வேலையை எண்ணிப் பெரிய யந்திரம் வாங்கினால், மற்ற நாட்களெல்லாம் அதன் எடையைக் கை சுமக்க வேண்டிவரும். பெரிய வேலை வரும்போது பெட்ரோல் ரம்பமும் பழகிய ஆளும் கூலிக்கு அமர்த்துவதே சிக்கனம்.

தகட்டின் நீளம்

தகடு, வெட்டும் மரத்தின் கனத்தைவிட 2 அங்குலமாவது நீண்டிருக்க வேண்டும். இதைக் கொண்டு யந்திரங்களை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, 4 முதல் 6 அங்குலத் தகடுள்ள சிறு ரம்பம். இது போத்துக்களையும் 3, 4 அங்குலக் கிளைகளையும் கழிப்பதற்கு உரியது. கொய்யா, எலுமிச்சை, இளம் மாங்கன்று, வேலி ஆகியவற்றுக்கு இதுவே போதும். ஒரு கையால் பிடிக்கக்கூடியதென்று விளம்பரம் செய்வதால், மற்றக் கை வெட்டும் கிளையைப் பிடிக்கப் போகிறது. இதில் நேரும் காயங்களுக்கு முக்கியக் காரணம் அதுவே.

இரண்டாவது, 10 முதல் 12 அங்குலத் தகடுள்ள இருகை ரம்பம். 8 முதல் 10 அங்குலக் கனம்வரை அறுக்கலாம். இரண்டு மூன்று ஏக்கர் மாந்தோப்பும் வீட்டுக் கொல்லையும் உடைய குடும்பத்துக்கு இது பெரும்பாலும் ஏற்றது.

மூன்றாவது, 14 முதல் 16 அங்குலத் தகடுள்ளது. அறுக்கும் திறன் உண்டு. ஆனால் பாட்டரியை விரைவில் தீர்த்துவிடும். நாள்தோறும் விறகு அறுப்பவருக்கும் கரிமூட்டத்துக்கு மரம் வெட்டுபவருக்கும் இக்கனத்தில் பெட்ரோல் யந்திரமே இன்றும் அனுகூலம். ஆண்டில் சில நாட்களே பயன்படுத்தும் தோப்புக்காரருக்கோ, பெட்ரோல் யந்திரத்தில் மாதக்கணக்கில் தேங்கிய எண்ணெய் எரிபொருள் வழியை அடைத்துவிடுவதும், மறுபடி கிளப்புவதற்குப் பட்டறை தேடுவதும் தொல்லை. பாட்டரி யந்திரத்தில் அத்தொல்லை இல்லை.

நான்காவது, நீண்ட கோலின் நுனியில் சிறு ரம்பம் பூட்டியது. தரையில் நின்றபடியே உயரக் கிளைகளைக் கழிக்கலாம். ஏணியின்மேல் ஏறி ரம்பம் ஓட்டுவதைவிட இது எத்தனையோ மடங்கு மேல். வளர்ந்த மாமரங்களை உடையவர் இருகை ரம்பத்தோடு இதையும் எண்ணிப்பார்க்க வேண்டும்.

பாட்டரியின் அளவு

கடைகளில் மயக்கம் உண்டாவது பெரும்பாலும் இவ்விடத்தில்தான். பாட்டரியில் இரண்டு எண்கள் உண்டு. ஒன்று வோல்ட், இது குழாயில் வரும் நீரின் அழுத்தத்தைப் போன்றது. மற்றொன்று ஆம்பியர்-மணி, இது தொட்டியின் கொள்ளளவைப் போன்றது. இரண்டையும் பெருக்கிவரும் தொகைக்கு வாட்-மணி என்று பெயர். எவ்வளவு வேலை நடக்கும் என்பதைச் சொல்வது இத்தொகையே. 18 வோல்ட் 4 ஆம்பியர்-மணியுள்ள பாட்டரியும், 36 வோல்ட் 2 ஆம்பியர்-மணியுள்ள பாட்டரியும் சமமாக 72 வாட்-மணியே உடையவை. எனவே வோல்ட் இரட்டிப்பாயிருப்பதால் வேலையும் இரட்டிப்பாகும் என்று நினைப்பது தவறு. அழுத்தம் அதிகமானால் அதே வலிமையைக் குறைந்த மின்னோட்டத்தில் பெறலாம். கம்பியும் மோட்டாரும் குறைவாகச் சூடாகும். கனத்த ரம்பங்களை 36 வோல்ட்டும் அதற்கு மேலும் அமைப்பது இதற்காகவே.

மற்றொரு மயக்கம் ஒரே பாட்டரிக்கு இரண்டு பெயர் சூட்டுவதால் வருவது. பாட்டரிக்குள் சிறு உருளைகளாகிய கண்கள் உண்டு. ஒவ்வொன்றும் வேலை செய்யும்போது சுமார் 3.6 வோல்ட் தரும். முழு மின்னேற்றத்தில் 4.2 வோல்ட் வரை காட்டும். ஐந்து கண்களை வரிசையாகக் கோத்தால் ஒரு கம்பெனி அதை 18 வோல்ட் என்னும். மற்றொன்று 20 என்னும். இன்னொன்று 21 என்னும். மூன்றும் ஒன்றே. அவ்வாறே 36 வோல்ட்டும் ‘40 வோல்ட் மாக்ஸ்’ என்பதும் ஒன்றே.

மலிவான சிறு ரம்பங்கள் சிலவற்றில் 48, 88 முதலிய எண்களும், அவற்றையடுத்து ‘வி.எப்.’ என்னும் எழுத்துக்களும் காணப்படும். அவை வோல்ட் அளவு அல்ல. திறந்து பார்த்தால் பெரும்பாலும் ஐந்து கண்களைக் கோத்த வரிசையே உள்ளிருக்கும். இத்தகைய பாட்டரியைச் சோதிக்க எடை நல்ல சாட்சி. 18 மில்லிமீட்டர் கனமும் 65 மில்லிமீட்டர் நீளமும் உள்ள சாதாரணக் கண் ஒன்று 45 முதல் 50 கிராம் எடையுள்ளது. அதில் 12 அல்லது 13 வாட்-மணிக்கு மேல் அடங்காது. பத்துக் கண்கள் அரைக்கிலோ இருக்கவேண்டும்; அவை தருவதும் 120 வாட்-மணி அளவே. கையில் எடுத்தால் கால்கிலோவே இருக்கும் பாட்டரி பெரிய எண்களைச் சொல்லுமாயின் அது நம்பத்தக்கதன்று. பாட்டரியின் மேல் வாட்-மணி அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும்.

‘பிரஷ்’ இல்லாத மோட்டார் உள்ள யந்திரம் விலை சற்று அதிகமாயினும் மேலானது. தேய்ந்து மாற்றவேண்டிய கரித்துண்டுகள் அதில் இல்லை. ஒரே மின்னேற்றத்தில் அதிக வேலையும் நடக்கும்.

ஓர் உத்தேசக் கணக்கு

இரண்டு ஏக்கர் மாந்தோப்பில் 10 மீட்டர் இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு 40 வீதம் 80 மரங்கள் இருக்கும். அறுவடை முடிந்தபின் மரத்துக்கு ஆறு கிளைகள் வீதம் கழிப்பதாக வைத்துக்கொண்டால் 480 வெட்டுக்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் 10 விநாடி மோட்டார் ஓடுமாயின் மொத்தம் 80 நிமிஷம். 36 வோல்ட் 4 ஆம்பியர்-மணிப் பாட்டரியில் 144 வாட்-மணி உண்டு. மோட்டார் சராசரி 800 வாட் இழுத்தால் அது ஏறத்தாழ 10 நிமிஷம் ஓடும். ‘பத்து நிமிஷந்தானா’ என்று மலைக்க வேண்டுவதில்லை. விசையை விட்டவுடன் மோட்டார் நின்றுவிடுவதால், கிளைக்குக் கிளை நடப்பதும் வெட்டியதை இழுத்துப் போடுவதும் பாட்டரியைச் செலவிடுவதில்லை. அந்தப் பத்து நிமிஷத்தில் 60 வெட்டுக்கள் முடியும்.

ஆகமொத்தம் எட்டுத் தடவை மின்னேற்ற வேண்டும். இரண்டு பாட்டரிகள் இருந்து, காலையில் இரண்டையும் தீர்த்து, பகலில் நிழலில் வைத்து மின்னேற்றி, மறுநாள் மறுபடி எடுத்தால் நான்கு நாட்களில் தோப்பு முழுவதும் முடியும். செலவாகும் மின்சாரம் நஷ்டத்தையும் சேர்த்து ஒன்றரை யூனிட்டுக்கு மேற்படாது.

இக்கணக்கினால் தெரியவருவது யாதெனில், பாட்டரி ரம்பத்தில் மின்சாரச் செலவு பொருட்டன்று. பாட்டரியின் விலையே செலவு. சில யந்திரங்கள் பாட்டரியும் மின்னேற்றியும் இன்றி ‘வெறும் யந்திரம்’ என்று குறைந்த விலைக்கு விற்கப்படுகின்றன. அவ்விரண்டையும் தனியே வாங்கினால் விலை யந்திரத்தின் விலையையே எட்டுவதுண்டு. ஆகையால் யந்திரம் ஒன்று, பாட்டரி இரண்டு, மின்னேற்றி ஒன்று என மொத்த விலையைக் கேட்டே ஒப்பிட வேண்டும். ஒரே பாட்டரி மருந்து தெளிப்பான், புல்வெட்டி முதலியவற்றுக்கும் பொருந்துமானால் அது மிக்க அனுகூலம். பக்கத்துத் தோப்புக்காரர்கள் மூவர் நால்வர் பேசி ஒரே கம்பெனியின் ஒரே வகைப் பாட்டரியை வாங்குவார்களானால், அவசரத்துக்கு ஒருவர் பாட்டரி மற்றொருவருக்கு உதவும்.

சங்கிலியும் எண்ணெயும்

மழுங்கிய சங்கிலி பெட்ரோல் யந்திரத்தில் நேரத்தை வீணாக்கும். பாட்டரி யந்திரத்தில் நேரத்தோடு மின்னேற்றத்தையும் வீணாக்கும். கூரான சங்கிலி மரத்திலிருந்து தடித்த சீவல்களை உதறும். மழுங்கியது மாவுபோன்ற தூளை உதறும். தூள் கண்டவுடன் வேலையை நிறுத்தி அரத்தால் தீட்ட வேண்டும். சிறு ரம்பங்களின் சங்கிலிகள் பலவற்றுக்கு 4 மில்லிமீட்டர் உருட்டரம் பொருந்தும். பல்லுக்கு முன்னே நிற்கும் சிறு முட்டு, பல் எவ்வளவு ஆழம் சீவலாம் என்று கட்டுப்படுத்துவது. பெரும்பாலான சங்கிலிகளில் அது பல்லைவிட 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்கும். அதை மிகுதியாக அராவினால் பல் மரத்தில் கவ்விக்கொண்டு யந்திரம் எகிறும்.

சீமைக்கருவேலம் சங்கிலியைச் சோதிக்கும் மரம். வைரம் பாய்ந்தது, அடியிலேயே பல தண்டுகளாகப் பிரிவது, மழைநீர் தெறித்த மண் பட்டையில் ஒட்டியிருப்பது. மண்ணைத் தட்டித் துடைத்தபின்னரே அறுக்க வேண்டும். சங்கிலி ஒருமுறை தரையில் பட்டாலும் கூர் போய்விடும். தென்னை, பனை ஆகியவற்றின் நார் பல்சக்கரத்து மூடிக்குள் சுற்றிக்கொள்ளும்; அடிக்கடி பாட்டரியைக் கழற்றி மூடியைத் திறந்து எடுக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்லத்தக்கது. சீமைக்கருவேலத்தின் விதை 1877இல் ஜமைக்கா தீவிலிருந்து வருவித்துக் கடப்பை ஜில்லாவில் ஊன்றப்பட்டது. வறண்ட பிரதேசத்துக்கு விறகு தரும் என்று அக்காலத்தில் எண்ணினர். இன்று அதை அகற்றுவதற்கென்றே தமிழக அரசு 2022இல் அயல் தாவரங்களைப் பற்றிய கொள்கையை வெளியிட வேண்டியதாயிற்று. இம்மரத்தை ரம்பத்தால் மட்டும் ஒழிக்க முடியாது. அறுத்த அடியிலிருந்து முன்னிலும் பல தண்டுகள் கிளம்பும். ரம்பம் கிளைகளைக் கழித்து வழி உண்டாக்கவே உதவும். அடிக்கட்டையை வேரோடு தோண்டி எடுத்தால்தான் நிலம் விடுதலை பெறும்.

தகட்டுக்கும் சங்கிலிக்கும் இடையே எண்ணெய் ஓடவேண்டும். தானாக எண்ணெய் விடும் அமைப்புள்ள யந்திரமே வாங்கத்தக்கது. எண்ணெய்த் தொட்டியைப் பாட்டரி மாற்றும்போதெல்லாம் பார்க்க வேண்டும். டிராக்டரிலிருந்து வடித்த பழைய எண்ணெயில் உலோகத்தூள் கலந்திருக்கும். அது தகட்டைத் தேய்த்து, மண்ணிலும் சொட்டிக் கெடுக்கும். சமையல் எண்ணெய் தங்கினால் பிசினாய் இறுகும். இதற்கென்று விற்கும் எண்ணெயே தகுந்தது.

சங்கிலி வாங்க மூன்று எண்கள் தேவை: கண்ணிகளின் இடைவெளி, தகட்டின் காடியில் ஓடும் பட்டையின் தடிப்பு, அப்பட்டைகளின் எண்ணிக்கை. இவற்றை வாங்கிய நாளிலேயே குறித்து வைத்தால், பிறகு திருவள்ளூரிலோ அரக்கோணத்திலோ சங்கிலி வாங்கும்போது ஏமாற்றம் நேராது.

கிளை கழிக்கும் முறை

நல்ல ரம்பமும் தவறாக வெட்டினால் மரத்தைக் கொல்லும். கனத்த கிளையை மேலிருந்து ஒரே வெட்டாக அறுத்தால், முடியுமுன்னரே அது தன் பாரத்தால் முறிந்து, தண்டின் பட்டையை நீளமாக உரித்துக்கொண்டு விழும். ஆதலால் மூன்று வெட்டாக வெட்டவேண்டும். தண்டிலிருந்து ஓரடி தள்ளி, கிளையின் அடிப்பக்கத்தில் கனத்தில் நாலிலொரு பங்கு அறுப்பது முதல் வெட்டு. அதற்கு இரண்டு மூன்று அங்குலம் வெளியே மேலிருந்து அறுத்துக் கிளையை விழச்செய்வது இரண்டாவது. எஞ்சிய குட்டையைத் தண்டோடு கிளை கூடுமிடத்தில் பருத்திருக்கும் வளையத்துக்கு வெளியே அறுப்பது மூன்றாவது. அவ்வளையத்தைச் சேதப்படுத்தாவிட்டால் புண் சீக்கிரம் மூடும். குட்டை நீண்டு நின்றால் அது பட்டுப்போய், தண்டுத் துளைப்பானுக்கும் பூஞ்சை நோய்க்கும் வாசலாகும். வெட்டிய முகத்தில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ பசையைப் பூச வேண்டும். மாமரங்களுக்கு அறுவடைக்குப்பின், ஆகஸ்டு செப்டம்பர் மாதங்களில், பின்னிய கிளைகளையும் நோயுற்றவற்றையும் பட்டவற்றையும் கழிப்பது தக்கது.

அபாயமும் காப்பும்

பாட்டரி ரம்பம் சத்தமின்றி நிற்பது. பெட்ரோல் யந்திரம் உறுமிக்கொண்டிருப்பதால் அதைத் தொடுபவன் அஞ்சுவான். இதுவோ பொம்மை போலிருந்து விசை பட்ட அதே கணத்தில் ஓடும். ஆகவே சங்கிலியைத் தொடுமுன், சிக்கிய நாரை எடுக்குமுன், ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்குக் கொடுக்குமுன், பாட்டரியைக் கழற்றிவிட வேண்டும். இவ்வொன்றைத் தவறாமல் கைக்கொண்டாலே பாதி விபத்து நீங்கும்.

தகட்டு நுனியின் மேற்பாதி மரத்தில் பட்டால் யந்திரம் வெட்டுபவன் முகத்தை நோக்கி எகிறும். இதைத் தடுக்க, கைப்பிடிக்கு முன்னுள்ள காப்பு முன்னுக்குச் சாய்ந்ததும் சங்கிலியை நிறுத்தும் பிரேக்கு இருகை ரம்பத்துக்கு இன்றியமையாதது. அது இல்லாததை வாங்கலாகாது. கடையிலேயே ஓட்டிப் பார்த்துச் சோதிக்க வேண்டும். இருகையாலும் பிடித்தல், தோளுக்குமேல் தூக்கி அறுக்காதிருத்தல், ஏணியிலும் மரத்திலும் ஏறி ஓட்டாதிருத்தல், சங்கிலி ஓடும் நேர்க்கோட்டில் நில்லாதிருத்தல் ஆகியவை விதிகள். விழும் மரத்தைச் சுற்றி அதன் உயரத்தில் இருமடங்கு தூரத்துக்குள் ஒருவரும் இருத்தல் ஆகாது.

உடையிலும் கவனம் வேண்டும். தோளில் தொங்கும் துண்டும், தழையக் கட்டிய வேட்டியும், காற்றில் பறக்கும் சேலைத்தலைப்பும் சங்கிலிக்கு இரையாகும். கால்சட்டை, கெட்டியான பாதரட்சை, கண்ணாடி, தலைக்காப்பு ஆகியன அணிய வேண்டும். கூலியாளிடம் யந்திரத்தைக் கொடுப்பவர் இவற்றையும் சேர்த்துக் கொடுப்பது கடமை. யந்திரத்தோடு வரும் கட்டளைப் புஸ்தகம் அவருக்குத் தெரிந்த மொழியில் இராவிட்டால், படித்துத் தமிழிலோ தெலுங்கிலோ சொல்லிக் காட்டிய பின்னரே வேலையில் விடவேண்டும்.

வெயிலும் மின்னேற்றமும்

திருத்தணி வட்டாரத்தில் கோடை வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது வழக்கம். லித்தியம் பாட்டரிக்கு வெப்பமே முதற்பகை. அறுத்து முடித்துச் சுடச்சுட இருக்கும் பாட்டரியை உடனே மின்னேற்றியில் வைக்கலாகாது. நிழலில் ஆறவைத்தபின் வைக்க வேண்டும். தகரக் கொட்டகையிலும், டிராக்டர்மேலும், கதவடைத்த காருக்குள்ளும் வைப்பது ஆயுளைக் குறைக்கும். பல மாதம் பயன்படாதபோது பாதியளவு மின்னேற்றத்தோடு வீட்டின் குளிர்ந்த அறையில் வைத்து, அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும். பயன்படுத்தாவிட்டாலும் பாட்டரிக்கு வயது ஏறும்; எனவே தேவைக்குமேல் வாங்கிச் சேர்ப்பது வீண். வீங்கியதும் வெடிப்புற்றதும் ஆகிய பாட்டரியை மின்னேற்றலாகாது. குப்பையிலும் நெருப்பிலும் எறியலாகாது. 2022ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு விதிகளின்படி பழைய பாட்டரிகளைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு அவற்றைச் சந்தைக்கு விடுவோரைச் சார்ந்தது. வீட்டு இணைப்பிலேயே மின்னேற்ற வேண்டும். கிணற்றுக்கென்று அளிக்கப்பட்ட இலவச மின்சாரம் நீர் இறைப்பதற்கே உரியது.

புயல் காலம்

2016 டிசம்பர் 12ஆம் தேதி சென்னை அருகே கரையேறிய வார்தா புயல் திருவள்ளூர் ஜில்லாவிலும் மரங்களைச் சாய்த்து மின்சாரத்தையும் அறுத்தது. 2018 நவம்பர் 16ஆம் தேதி வேதாரணியம் அருகே கரையேறிய கஜா புயல் தஞ்சை, நாகை ஜில்லாக்களின் தென்னந்தோப்புகளைப் படுக்கவைத்தபோதும் அவ்வாறே நேர்ந்தது. ரம்பம் மிகவும் வேண்டிய நாளிலேதான் மின்னேற்ற வழியிராது என்பதை இவை காட்டுகின்றன. வடகிழக்குப் பருவத்தில் புயல் எச்சரிக்கை வந்தவுடனே எல்லாப் பாட்டரிகளையும் முழுதும் ஏற்றி, சங்கிலியைத் தீட்டி, எண்ணெய் நிரப்பி வைப்பது புத்திசாலித்தனம். கோடாலியையும் கைரம்பத்தையும் விற்றுவிடலாகாது.

சாய்ந்த மரத்தின் கிளைகள் வில்போல் வளைந்து இறுகியிருக்கும், அறுத்தவுடன் தெறிக்கும். வளைவின் உட்புறத்தில் சிறிது அறுத்து, பிறகு வெளிப்புறத்தில் மெல்ல அறுக்க வேண்டும். மின்கம்பி பட்ட மரத்தை, மின்வாரியத்தார் வந்து மின்சாரத்தை நிறுத்தியதாகச் சொல்லும்வரை தொடலாகாது.

கிராம அலுவலர்கள் கவனிக்க

வெட்டுவது எளிதானமையால் வெட்டத்தகாததும் வெட்டப்படும். ஏரிக்கரை, சாலையோரம், புறம்போக்கு ஆகியவற்றின் மரங்கள், புயலில் விழுந்தவையும் உட்பட, உரிய உத்தரவின்றி யாரும் அறுக்கத்தக்கவையல்ல. 2சி பட்டா மரத்தின் பலனை அனுபவிக்கும் உரிமையேயன்றி வெட்டும் உரிமையன்று. சந்தனமும் செம்மரமும் சொந்தப் பட்டா நிலத்தில் நின்றாலும் வனத்துறையின் அனுமதி வேண்டும். மாநில மரமாகிய பனையை வெட்ட ஜில்லா கலெக்டரின் அனுமதி வேண்டும் என்று 2021ஆம் ஆண்டின் வேளாண்மை வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. இவற்றைக் கிராம நிர்வாக அலுவலர்கள் குடிகளுக்கு முன்கூட்டியே தெரிவிப்பது, பின்னர் வழக்குத் தொடர்வதினும் நன்று. மானியத்தில் கிடைக்கும் கருவிகளின் பட்டியல் ஆண்டுக்காண்டு மாறுவதால், வாங்குமுன் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நலம். வாங்கிய பின் மனுச்செய்தால் மானியம் கிட்டாது.

முடிவாக

வாங்குமுன் பின்வருவனவற்றை ஒருமுறை சரிபார்க்கவும்.

1. வழக்கமான கிளையின் கனம் அளந்தாயிற்றா. தகடு அதைவிட 2 அங்குலம் நீளமா.
2. பாட்டரியின் வாட்-மணி எவ்வளவு. எடை அதற்குச் சாட்சி சொல்கின்றதா.
3. இரண்டு பாட்டரியும் மின்னேற்றியும் சேர்ந்த மொத்த விலை யாது.
4. சங்கிலிப் பிரேக்கும் தானியங்கி எண்ணெய் அமைப்பும் உண்டா.
5. பழுதுபார்க்கும் இடமும் சங்கிலி கிடைக்கும் கடையும் அருகில் உண்டா; ரசீதும் உத்தரவாதச் சீட்டும் கிடைக்குமா.
6. கண்ணாடி, தலைக்காப்பு, பாதரட்சை ஆகியவற்றுக்குப் பணம் ஒதுக்கியாயிற்றா.

இவ்வாறிலும் ‘ஆம்’ என்று சொல்லக்கூடிய யந்திரம், பெயர் எதுவாயினும், வாங்கத்தக்கது. ஒன்றிலேனும் குறையுமானால் விலை எவ்வளவு மலிந்தாலும் கடையிலேயே விட்டுவரத்தக்கது. தோப்பை அளந்து, யந்திரத்தை நிறுத்து, கையையும் மரத்தையும் காத்து வேலை செய்யும் குடியானவருக்குப் பாட்டரி ரம்பம் பல ஆண்டு உழைக்கும்.